தந்தியும் காந்தமும்

நரம்புக் கருவியைப் பற்றி எழுதப் புகுந்த தமிழ் மாணவன், யாழையும் வீணையையும் விடுத்து மேனாட்டு டபிள் பேஸை எடுத்துக்கொண்டது ஏன் என்று அன்பர்கள் வினவக்கூடும். தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, மிடற்றுக்கருவி என்று நம் முன்னோர் பகுத்த பகுப்பில், நரம்பு என்னும் சொல்லே விலங்கின் குடலையும் நரம்பையும் தந்தியாகத் திரித்த வழக்கை நினைப்பூட்டுகின்றது. டபிள் பேஸுக்கும் 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை குடல் தந்தியே பெரும்பாலும் கட்டப்பட்டது. அத்தந்தி எஃகாக மாறிய பின்னரே காந்தம் அதன் குரலைக் கேட்கலாயிற்று. அங்ஙனம் கேட்கும் கருவியை வீட்டிலேயே செய்துகொள்ளும் முறையையும், அதனால் வரும் நன்மை தீமைகளையும் இக்கட்டுரையில் ஆராய்வாம்.

டபிள் பேஸ் என்பது வயலின் இனத்தில் பெரியது. ஏறக்குறைய 6 அடி உயரமுடையது. வாசிப்பவர் அதனை நிறுத்திவைத்து, நின்றோ உயர்ந்த இருக்கையில் அமர்ந்தோ வில்லாலும் விரலாலும் இசைப்பர். அதற்குரிய தந்திகள் நான்கு. அவற்றுள் தாழ்ந்தது நொடிக்கு ஏறக்குறைய 41 முறையும், அடுத்தவை முறையே 55, 73, 98 முறையும் அதிரும். உருவம் பெரிதாயினும் குரல் எளிதிற் கேளாது. நொடிக்கு 41 முறை அதிரும் ஒலியின் அலை காற்றில் 8 மீட்டருக்கு மேல் நீளமுடையது. அவ்வலையை வலிமையுடன் எழுப்ப 6 அடிப் பெட்டியும் சிறிதேயாகும். அன்றியும், மனிதச் செவி தாழ்ந்த ஒலிகளை மந்தமாகவே உணரும். ஆகலின், பித்தளைக் குழல்களும் முரசுகளும் முழங்கும் ஜாஸ் குழுவில், பாட்டு முழுவதற்கும் அடித்தளமாய் நிற்பவன் குரலே அமிழ்ந்துபோகும். அவன் விரல் கன்றிப்போகும்படி இழுத்தாலும் பின்வரிசையில் இருப்பார்க்கு அது எட்டாது. இக்குறையைத் தீர்க்கவே மின்சாரத்தின் உதவி நாடப்பட்டது.

காந்தம் கேட்கும் வகை

மைக்கேல் பாரடே என்னும் ஆங்கில அறிஞர் 1831-ஆம் ஆண்டில் ஓர் உண்மையைக் கண்டார். கம்பிச்சுருளின் ஊடே செல்லும் காந்தப் புலம் மாறுமாயின், அச்சுருளில் மின்னழுத்தம் தோன்றும் என்பதே அது. இவ்வுண்மையைத் தந்திக்குப் பொருத்திப் பார்ப்போம். காந்தம் ஒன்றை எஃகுத் தந்தியின் அருகே வைத்தால் தந்தியும் சிறிது காந்தத்தன்மை பெறும். அது அதிரும்போது காந்தப் புலமும் உடன் அசையும். காந்தத்தைச் சுற்றிச் செப்புக்கம்பி சுற்றியிருப்பின், அவ்வசைவுக்கு ஏற்ற மின்னழுத்தம் அதில் எழும். அதனைப் பெருக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்பினால் தந்தியின் குரல் அரங்கெங்கும் கேட்கும். இக்கருவியைப் பிக்கப் என்பர். அச்சொல்லையே யாமும் ஆள்வோம்.

இதனின்று ஒன்று பெறப்படும். பிக்கப் காற்றைக் கேட்பதன்று. எஃகின் அசைவையே உணர்வது. குடல் தந்திக்கும் நைலான் தந்திக்கும் அது முற்றிலும் செவிடு. எஃகு உள்ளீட்டின்மேல் வெண்கலமோ வெள்ளியோ சுற்றிய தந்தியாயின், உள்ளிருக்கும் எஃகை மட்டும் உணரும். ஆதலின் குரல் மெலியும். ஆகவே இப்பணியில் இறங்குவோர் முதலில் ஒரு சிறு காந்தத்தைத் தந்தியிடம் கொண்டுசென்று, ஒட்டுகின்றதா என்று பார்த்துக்கொள்க. ஒட்டாத தந்திக்குப் பிக்கப் செய்வது வீண் உழைப்பாம்.

வீட்டில் பிறந்த கருவி

இக்கருவி பிறந்ததே பெருந்தொழிற்சாலையில் அன்று என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. அமெரிக்காவில் ஜார்ஜ் பீச்சம் என்னும் ஹவாய் கிட்டார் இசைஞர், கிராமபோனின் பிக்கப்பைப் பிரித்து ஆராய்ந்து, தம் வீட்டிலேயே பலமுறை முயன்று, வீட்டு இயந்திரம் ஒன்றன் மோட்டாரைக் கொண்டே கம்பிச்சுருள் சுற்றினார் என்பர். அம்முயற்சியின் பயனாக, வாணலிக்கு ஒப்பான வடிவுடைய மின்கிட்டார் 1932-இல் விற்பனைக்கு வந்தது. அதற்குரிய காப்புரிமை 1937 ஆகஸ்டு 10-ஆம் நாள் வழங்கப்பட்டது. அவர் சார்ந்த ரிக்கன்பாக்கர் நிறுவனம் 1930-களிலேயே காந்தப் பிக்கப் பொருத்திய மெல்லிய நின்ற பேஸ் ஒன்றையும் செய்தது. 1940-களில் எவரெட் ஹல் என்பார் டபிள் பேஸின் காலூன்றி வழியாக உள்ளே ஒரு மைக்ரோபோனைச் செலுத்தினார். ஆம்பெக் என்னும் நிறுவனப் பெயர் அக்காலூன்றியின் பெயரால் அமைந்ததே. 1951-இல் லியோ பெண்டர் கிட்டார் வடிவில் மின் பேஸை வெளியிட்டார். தூக்கிச் செல்ல எளிதாகையால் பலர் அதற்கு மாறினர். ஆயினும் டபிள் பேஸ் அழிந்திலது. ஜாஸ் குழுக்களிலும் ராக்கபில்லி குழுக்களிலும் இன்றும் அது நிலைத்துள்ளது.

செய்முறை

கிட்டாருக்குச் செய்த பிக்கப்பை டபிள் பேஸில் அப்படியே வைத்தல் இயலாது. கிட்டாரின் தந்திகள் ஏறக்குறைய ஒரே தளத்தில் நெருங்கிக் கிடப்பன. டபிள் பேஸின் தந்திகளோ, வில் ஒவ்வொன்றையும் தனித்தனியே தீண்டும்பொருட்டு, வளைந்த குதிரையின்மேல் வளைவாக அமைந்தவை. விரற்பலகையின் முடிவில் ஒன்றுக்கொன்று ஏறக்குறைய ஓர் அங்குலம் விலகி நிற்பவை. நடுத்தந்திகள் இரண்டும் உயர்ந்தும் ஓரத்தந்திகள் தாழ்ந்தும் இருக்கும். ஆகவே இரண்டு சுருள்கள் செய்து, ஒவ்வொன்றும் இரு தந்திகளின் கீழ் வருமாறு, வீட்டுக் கூரையின் இரு சரிவுகள் போலச் சாய்த்து வைப்பது தக்கது.

ஒவ்வொரு சுருளுக்கும் நடுவில் 40 மில்லிமீட்டர் நீளமும் 6 மில்லிமீட்டர் அகலமும் உள்ள மரத்துண்டு வேண்டும். இரு பக்கமும் மெல்லிய அட்டைப்பலகை ஒட்டினால் கம்பி நழுவாது. மரத்தில் துளையிட்டு, தந்திக்கு ஒன்றாக இரும்புத் திருகாணி செலுத்தி, அடியில் காந்தத்தை வைக்கவேண்டும். திருகாணியை உயர்த்தியும் தாழ்த்தியும் நான்கு தந்திகளின் ஒலியையும் சமப்படுத்தலாம். சுற்றுதற்குரியது 0.063 மில்லிமீட்டர் விட்டமுள்ள எனாமல் பூசிய செப்புக்கம்பி. அது தலைமயிரளவே பருமனுடையது; சிறிது மிகுதியாக இழுத்தாலும் அறுந்துவிடும். கைத்துரப்பணத்தில் மரத்துண்டைப் பொருத்தி, கம்பியை இரு விரல்களிடையே மெல்லப் பிடித்து 6000 சுற்றுச் சுற்றுக. ஒரு சுற்றின் சராசரி நீளம் 11 சென்டிமீட்டர் எனக் கொண்டால், ஒரு சுருளுக்கு 660 மீட்டர் கம்பி வேண்டும். அக்கம்பியின் மின்தடை மீட்டருக்கு ஏறக்குறைய 5.4 ஓம், ஆகவே மல்ட்டிமீட்டர் 3500 ஓமை ஒட்டிக் காட்டவேண்டும். முடிவின்மையைக் காட்டினால் கம்பி எங்கோ அறுந்தது என்று அறிக. முடிந்த சுருளை, கொதிநீர்ப் பாத்திரத்துள் வைத்து உருக்கிய மெழுகில் அமிழ்த்தி எடுத்தால், சுற்றுகள் தளர்ந்து அதிர்ந்து கீச்சிடா. மெழுகை நேரே அடுப்பில் ஏற்றுதல் ஆகாது; தீப்பற்றும்.

இனி இரைச்சலைப் பற்றி. நம் நாட்டு மின்னோட்டம் நொடிக்கு 50 முறை அலைவது. அது டபிள் பேஸின் முதல் தந்திக்குரிய 41-க்கும் அடுத்ததற்குரிய 55-க்கும் இடையே வந்து அமர்கின்றது. ஆகவே வேறு கருவிகளுக்குப் புறத்தே நிற்கும் இவ்விரைச்சல் பேஸுக்கு அதன் சுரங்களுள்ளேயே நுழைந்துவிடும். இதற்கு மருந்தாக, ஒரு சுருளை வலமாகவும் மற்றதனை இடமாகவும் சுற்றி, ஒன்றன் காந்தத்தில் வடமுனையும் மற்றதன் காந்தத்தில் தென்முனையும் மேல்நோக்க வைத்து, இரண்டையும் தொடராக இணைக்கவேண்டும். புறத்தேயிருந்து வரும் இரைச்சல் காந்த முனையைப் பாராது. சுற்றும் திசைக்கேற்ப ஒன்றில் நேராகவும் மற்றதில் எதிராகவும் எழுந்து தானே ஒழியும். தந்தியின் ஒலியோ சுற்றாலும் முனையாலும் இருமுறை திரும்புவதால் மீண்டும் நேராகவே வரும். சேத் லவர் என்பார் கிப்சன் நிறுவனத்திற்காக 1955-இல் காப்புரிமை வேண்டிய இரட்டைச் சுருளும், பெண்டரின் பேஸில் 1957-இல் அமைந்த பிளவுச் சுருளும் இக்கருத்தின் வழிப்பட்டனவே.

பொருத்துங்கால் ஒரு நெறியைத் தவறாது போற்றுக. பழைய டபிள் பேஸின் மேற்பலகை, ஒரு தச்சன் பல நாள் தேய்த்து மெல்லிதாக்கியது. அதில் ஒரு துளையும் இடலாகாது. விரற்பலகையின் முனை மேற்பலகையைத் தொடாது அந்தரத்தில் நீண்டு நிற்பது. அதன் அடியில் தக்கை ஒட்டிய சிறு மரச்சட்டத்தைக் கட்டி, அதன்மேல் சுருள்களை வைத்தால் போதும். வேண்டாதபோது வடுவின்றி எடுத்துவிடலாம். தந்திக்கும் திருகாணிக்கும் இடையே 4 அல்லது 5 மில்லிமீட்டர் இடைவெளி விட்டுத் தொடங்குக. தாழ்ந்த தந்தி அகன்று ஆடும், மிக நெருக்கினால் திருகாணியில் மோதும். மின்சாரத்தைப் பெருக்கும் பெட்டியை மட்டும் கடையில் வாங்குவதே அறிவுடைமை. அதனுள் உயிரைப் போக்கும் மின்னழுத்தம் உண்டு.

பெறுவதும் இழப்பதும்

காந்தம் மரத்தைக் கேளாது என்பதில் நன்மையும் தீமையும் ஒருங்கே உள. ஒலிபெருக்கியின் முழக்கம் கருவியின் வயிற்றை அதிர்வித்து, அவ்வதிர்வு மீண்டும் பெருகி ஊளையிடும் தொல்லை மைக்ரோபோனுக்கு மிகுதி. காந்தப் பிக்கப்புக்கு மிகக் குறைவு. இது நன்மை. தீமையாவது, டபிள் பேஸின் தனிக்குரலான மரத்தின் வெம்மை அதில் குன்றிப்போதல். தந்தியை அறைந்து இசைக்கும் ராக்கபில்லி முறையில் விரற்பலகையின்மேல் எழும் தட்டொலியையும் அது கேளாது. வில்லின் கீழ்த் தந்தி பெரும்பாலும் பக்கவாட்டில் அசைதலின், வில்லிசையும் சிறிது மெலியும். ஆதலாற் பலர், குதிரையில் பொருத்தும் அழுத்தமின் பிக்கப் ஒன்றையும் உடன் வைத்து, இரண்டின் குரலையும் வேண்டிய அளவிற் கலந்துகொள்கின்றனர். அழுத்தத்தால் மின்சாரம் தோன்றும் இவ்வியல்பைக் கியூரி சகோதரர்கள் 1880-இல் கண்டனர்.

இங்ஙனமாயின், பெருகி வரும் குரல் அக்கருவியின் குரல்தானோ என்னும் ஐயம் எழும். எழுதப்பட்ட சொல் பேச்சின் ஓசை முழுவதையும் தாங்காமை தமிழ் பயில்வார் அறிந்ததே. ஆயினும் எழுத்தாலன்றித் தொலைவிலிருப்பார்க்குச் சொல் எட்டாது. பிக்கப்பும் அத்தகையதே: சிலவற்றை விடுத்து, உயிரான சுரத்தைத் தொலைவுக்குக் கொண்டுசெல்கின்றது. விடுபடுவது யாது என்று அறிந்து பயன்படுத்துவோன் ஏமாறான். அறியாதவன், தன் மரத்தின் குரலை ஒருநாள் மறந்தேபோவான்.

இதற்கு வேண்டும் பொருள்கள் சில திருகாணி, இரு காந்தம், மெல்லிய கம்பி, மெழுகு இவையே. பாரடேயின் உண்மையைப் பாடநூலில் ஒரு பத்தியாகப் படித்து, தேர்வில் எழுதி, மறந்துவிடும் நம்மனோர், 6000 சுற்றுகளைத் தம் விரலாற் சுற்றி, முதன்முறை ஒரு தந்தியை மீட்டி, அது பெட்டியிலிருந்து எழக் கேட்பாராயின், அப்பத்தி பின்னர் மறவாது. பௌதிக மாணவரும் இசைப் பயிற்சியுடையாரும் கூடி, வரும் விடுமுறையில் இதனைச் செய்து பார்ப்பாராக. அடித்தளமாய் நின்று தன் குரல் கேட்கப்பெறாத ஒருவனைப் பின்வரிசையிலிருப்பாரும் கேட்கச் செய்தல், அவ்வுழைப்புக்குத் தக்க பயனேயாகும்.