புள்ளி எங்கே போயிற்று?



2020-ஆம் ஆண்டில் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டபோது நாங்கள் சிறு வகுப்பில் இருந்தோம். வீட்டிலிருந்தே இணையத்தில் பாடம் கேட்டோம். 2021 நவம்பர் 1-ஆம் நாள் எங்களுக்குப் பள்ளி திறந்தது. நோட்டுகளைத் திருத்திய தமிழ் டீச்சர், குமணன்சாவடியிலிருந்து வரும் எங்கள் தோழியின் நோட்டைப் பார்த்துத் திகைத்துப் போனார்கள். 'பக்கம்' என்பது 'பககம' என்றும், 'கண்' என்பது 'கண' என்றும் இருந்தன. நோட்டு முழுவதிலும் ஒற்றெழுத்தின் தலையில் புள்ளியே இல்லை! "கவனமில்லையா?" என்று டீச்சர் கேட்க, அவள் அழுதுவிட்டாள். "பலகையில் தெரிந்தபடிதான் எழுதினேன்" என்றாள்.

அவள் சொன்னது உண்மை. அவள் பார்த்தது அம்மாவின் சிறிய செல்பேசியில். கரையான்சாவடியில் அப்பாவின் மடிக்கணினியில் பார்த்த எங்களில் சிலருக்குப் புள்ளி நன்றாகவே தெரிந்தது. பலகை ஒன்று, டீச்சர் ஒருவர், நேரமும் ஒன்று. அப்படியானால் புள்ளி எங்கே போயிற்று? இவ்வாண்டு இதைத் தேடிப் படித்தோம். படித்ததைக் கூறுகிறோம்.

வீடியோ என்பது நொடிக்குப் பல படங்கள் ஓடும் வரிசை. 1280 × 720 அளவுள்ள ஒரு படத்தில் 9,21,600 படப்புள்ளிகள் உண்டு. அத்தனையையும் அப்படியே அனுப்பச் சாதாரண வீட்டு இணைப்பு தாங்காது. ஆகவே கணினி படத்தைச் சுருக்குகிறது. அப்போது கண் அதிகம் தேடாத நுண்ணிய விவரங்களையே முதலில் விட்டுவிடுகிறது. டீச்சரின் முகமும் பலகையின் கருமையும் நிற்கும். சாக்பீஸால் வைத்த சிறு புள்ளி போய்விடும். ஒரு நொடிக்கு எத்தனை பிட்டுகள் செலவிடலாம் என்பதே பிட் வீதம். அது குறையக் குறைய, விடுபடுவது கூடும்.

ஒரு வகுப்பில் நாற்பது வீடுகள். ஒரு வீட்டில் ஃபைபர் இணைப்பு, மற்றொரு வீட்டில் நாளுக்கு 1.5 ஜிபி ரீசார்ஜ். டீச்சரின் கணினி சிறிது, நடுத்தரம், பெரிது என்று மூன்று படங்களைத் தனித்தனியே அனுப்பலாம். ஆனால் டீச்சர் வீட்டு இணைப்பே திணறக்கூடும். இதற்கு அறிஞர்கள் கண்ட வழிதான் அடுக்கு முறை. 2007-இல் இது எச்.264 என்னும் வீடியோ தரத்தில் சேர்க்கப்பட்டது. இணைய உரையாடலுக்கான செயலிகள் சிலவற்றிலும் இம்முறை உண்டு.

வரைபடத்தைப் பெரிதாக்க நாம் என்ன செய்கிறோம்? சிறிய படத்தின் மேல் கட்டம் போட்டு, பெரிய தாளில் பெரிய கட்டம் போட்டு எடுத்து எழுதுகிறோம். பிறகு கடற்கரை வளைவுகளைத் திருத்துகிறோம். கணினியும் இதையே செய்கிறது. 320 × 180 அளவுள்ள சிறு படம் அடிப்படை அடுக்கு. அதைப் பெரிதாக்கி, வேண்டிய திருத்தங்களை மட்டும் அனுப்புவது இரண்டாம் அடுக்கு (640 × 360). அதன் மேல் மூன்றாம் அடுக்கு (1280 × 720). இடையிலுள்ள சர்வர், மெலிந்த இணைப்புள்ள வீட்டுக்கு அடிப்படை அடுக்கை மட்டும் அனுப்பி, மற்றவற்றைக் கழித்துவிடும்.

இனித்தான் சிக்கல். கையில் நொடிக்கு 1000 கிலோபிட் இருக்கிறது. எந்த அடுக்குக்கு எவ்வளவு? படப்புள்ளிகளின் எண்ணிக்கைப்படி 1 : 4 : 16 என்று பிரித்தால் அடிப்படைக்கு வெறும் 48 கிலோபிட். சிறு படம் கெட்டால் அதைப் பெரிதாக்கியதும் கெடும். மேல் அடுக்குகள் திருத்தியே களைத்துப் போகும். மாறாக, அடிப்படைக்கே அள்ளிக் கொடுத்தால் பெரிய திரையில் பார்ப்பவர்களுக்குப் படம் மங்கும்.

உலாவிகளில் வீடியோ உரையாடலுக்கு உதவும் வெப்ஆர்டிசி என்னும் நிரல், மேலிருந்து கீழாக ஒவ்வொரு அடுக்குக்கும் முந்தியதைப் போல் 0.55 மடங்கு தருகிறது. தோழியரே, இது நம் கணக்குப் புத்தகத்திலுள்ள பெருக்குத் தொடர்வரிசையே அன்றோ! பொது விகிதம் 0.55. கணக்குப் போட்டோம்: மேல் அடுக்குக்கு 540, நடு அடுக்குக்கு 297, அடிப்படைக்கு 163. ஒரு படப்புள்ளிக்கு எவ்வளவு என்று பார்த்தால், அடிப்படை அடுக்குக்குக் கிடைப்பது மேல் அடுக்கைவிட ஏறத்தாழ 5 மடங்கு. எல்லா வீடுகளுக்கும் போவதும், எல்லா அடுக்குகளையும் தாங்குவதும் அதுதானே. இது நியாயமான பங்கீடு என்றே எங்களுக்குத் தோன்றியது.

இணைப்பு 400 கிலோபிட்டாகக் குறைந்தால்? அதே விகிதத்தில் மேல் அடுக்குக்கு 216 தான் வரும், அது போதாது. அப்போது அந்நிரல் மூன்றையும் பட்டினி போடாமல் மேல் அடுக்கை அடியோடு நிறுத்திவிடுகிறது. மீதி இரண்டும் 258, 142 என்று பகிர்ந்துகொள்கின்றன. அடிப்படை அடுக்கின் இழப்பு மிகச் சிறிது!

இதைப் படித்ததும் மகிழ்ந்தோம். ஆனால் எங்கள் தோழி கேட்டாள்: "163-க்குப் பதில் 500 கொடுத்திருந்தால் எனக்குப் புள்ளி தெரிந்திருக்குமா?"

தெரிந்திருக்காது. அடிப்படைப் படத்தின் உயரம் 180 படப்புள்ளிகளே. பலகை படம் முழுவதும் நிறைந்து, அதில் 12 வரிகள் எழுதினால் ஒரு வரிக்கு 15 கிடைக்கும். இடைவெளியும் மேல்விலங்கும் கீழ்வளைவும் போக, ஒற்றின் புள்ளிக்கு ஒன்று மிஞ்சினால் அதிகம். அதற்குமேல் எத்தனை பிட் கொட்டினாலும், இடமில்லாத புள்ளி எங்கே உட்காரும்? அதே பலகையில் 5 வரி மட்டும் எழுதினால் ஒரு வரிக்கு 36 கிடைக்கும். புள்ளிக்கு இரண்டு மூன்றாவது வரும்.

நீங்களும் சோதித்துப் பார்க்கலாம். கல்வித் தொலைக்காட்சியின் தமிழ்ப் பாடம் ஒன்றை யூடியூபில் போட்டு, தரத்தை 144 என்று குறையுங்கள். (பதிவு செய்த பாடமாதலால் அங்கே ஒவ்வோர் அளவிலும் தனித்தனிப் படம் முன்கூட்டியே இருக்கும்; அடுக்கு முறை வேண்டியதில்லை.) சிறு எழுத்துகளின் புள்ளிகள் கரைவதைக் காண்பீர்கள்.

இந்தக் கணக்கைத் தமிழ் டீச்சரிடம் காட்டினோம். பலகையை நெடுநேரம் பார்த்துவிட்டு, "அப்போது நான் பொடி எழுத்தாய் எழுதியிருக்கிறேன்" என்றார்கள். தோழியின் பழைய நோட்டு இன்னும் அவளிடம் இருக்கிறது. ஒரே பக்கத்தில் சிவப்பு மையால் வைத்த புள்ளிகள் 43. குறைத்த மதிப்பெண்ணைத் திருப்பித் தருவார்களா என்று அவள் கேட்டிருக்கிறாள். டீச்சர் சிரித்தார்களே தவிர, இன்னும் பதில் சொல்லவில்லை.