வயதானால் சொத்து வரி குறையுமா? வீட்டை மகன் பேருக்கு எழுதலாமா?

கேள்வி: எனக்கு வயது 68. மனைவிக்கு 63. பாலக்கோடு வட்டத்தில் ஒரு பேரூராட்சியில் 900 சதுர அடியில் சொந்த வீடு இருக்கிறது. முன்பக்க அறையில் தையல் கடை வைத்திருந்தேன். கண் பார்வை மங்கிப்போனதால் கடையை மூடிவிட்டேன். ஒரே மகன் ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கிறான். அரையாண்டுக்கு 2,140 ரூபாய் சொத்து வரி கட்டுகிறேன். மூத்த குடிமக்களுக்கு வரியில் தள்ளுபடி உண்டு என்கிறார்களே, உண்மையா? ‘வீட்டை மகன் பேருக்கு எழுதிவிடு, வரித் தொல்லை விட்டது’ என்கிறார் மைத்துனர். எழுதலாமா? பென்னாகரம் பக்கத்துக் கிராமத்தில் என் அக்கா, வயது 73, கணவரை இழந்து தனியாக இருக்கிறார். அவருக்கு அரசிடமிருந்து என்னென்ன கிடைக்கும்?
— வாசகர், தருமபுரி மாவட்டம்

பதில்: ஐயா, முதல் கேள்விக்கு நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் வயதை மட்டும் காரணமாக வைத்துச் சொத்து வரித் தள்ளுபடி கிடையாது. தருமபுரி நகராட்சியானாலும் உங்கள் பேரூராட்சியானாலும் இதுதான் நிலை. உங்கள் காதில் விழுந்தது பெரும்பாலும் டெல்லி செய்தியாக இருக்கும். அங்கே மாநகராட்சி, மூத்த குடிமக்கள் தாமே குடியிருக்கும் ஒரு வீட்டுக்கு, 200 சதுர மீட்டர் வரை, 30 சதவீதம் தள்ளுபடி தருகிறது. இங்கே முன்னாள் படைவீரர்களுக்கு நிபந்தனைகளோடு வீட்டு வரிச் சலுகை உண்டு. நீங்களோ உங்கள் மனைவியோ அந்த வகையில் வந்தால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேளுங்கள்.

அதற்காக, கேட்ட தொகையை அப்படியே கட்டித்தான் ஆக வேண்டும் என்றும் இல்லை. குறைக்க இரண்டு வழிகள் இருக்கின்றன.

முதல் வழி, சீக்கிரம் கட்டுவது. நகர்ப்புற உள்ளாட்சிகளில் சொத்து வரி ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு அரையாண்டு, அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று. அரையாண்டு பிறந்த முதல் 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை கழியும். உச்சவரம்பு 5,000 ரூபாய். உங்கள் கணக்கில் ஒரு தவணைக்கு 107 ரூபாய், வருஷத்துக்கு 214 ரூபாய். பெரிய தொகை இல்லைதான். ஆனால் காலம் தாழ்த்தினால் மாதம் 1 சதவீதம் வட்டி ஏறும். 107 ரூபாயை விட்டுவிட்டு வட்டியும் சேர்த்துக் கட்டுவதைவிட, ஏப்ரல், அக்டோபர் மாதங்களில் நாள்காட்டியில் ஒரு குறி போட்டுக்கொள்வது நல்லது.

இரண்டாவது வழிதான் உங்களுக்கு முக்கியம். உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: முன்பக்க அறையில் கடை இருந்தது, மூடிவிட்டேன் என்று. கடையை மூடியதை அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்தீர்களா? கொடுக்கவில்லை என்றால், அவர்கள் பதிவேட்டில் அந்த அறை இன்னும் வணிகப் பயன்பாடாகவே இருக்கக்கூடும். 2022 ஏப்ரலில் சொத்து வரியைச் சீரமைத்தபோது, சென்னைக்கு வெளியே உள்ள நகர்ப்புற உள்ளாட்சிகளில் 600 சதுர அடிக்குக் குறைவான வீடுகளுக்கு 25 சதவீதம், 601 முதல் 1,200 வரை 50 சதவீதம், 1,201 முதல் 1,800 வரை 75 சதவீதம், அதற்கு மேல் 100 சதவீதம் என்று உயர்த்தினார்கள். வணிகக் கட்டடங்களுக்கு நேராக 100 சதவீதம். அதாவது, பழைய வரியில் 100 ரூபாய்ப் பங்கு உள்ள ஒரு பகுதி வீடாக இருந்தால் 150 ஆகியிருக்கும். கடையாகப் பதிவாகியிருந்தால் 200 ஆகியிருக்கும். மூடிய கடைக்குத் திறந்த கடையின் வரியைக் கட்டிக்கொண்டிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள்.

வரிக் கேட்பு அறிவிப்பையும் பழைய ரசீதையும் எடுத்து வைத்துக்கொண்டு மூன்று விஷயங்களைச் சரிபாருங்கள்: வரிவிதிப்பு எண் உங்களுடையதுதானா, சதுர அடி சரியா, பயன்பாடு குடியிருப்பா வணிகமா. தவறு இருந்தால் செயல் அலுவலர் பேருக்கு ஒரு வெள்ளைத் தாளில் மனு எழுதுங்கள். ‘இந்த எண்ணுள்ள கட்டடத்தின் முன்பக்க அறையில் இப்போது கடை இல்லை, நேரில் அளந்து பார்த்துக் குடியிருப்பாக மாற்றித் தர வேண்டும்’ என்று இரண்டு வரி போதும். மூடிய ஷட்டரின் படம், மின் இணைப்பை வீட்டு உபயோகத்துக்கு மாற்றியிருந்தால் அந்த ரசீது, இவற்றையும் இணையுங்கள். மனுவின் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் வெளியே வராதீர்கள். வாயால் சொன்னதற்கு எந்த அலுவலகத்திலும் கணக்கு இல்லை.

இனி இரண்டாவது கேள்வி. மைத்துனர் சொன்ன யோசனை வரியைக் குறைக்காது. சொத்து வரி கட்டடத்துக்கு. உரிமையாளர் மாறினால் கேட்பு அறிவிப்பில் பெயர்தான் மாறும். 107 ரூபாய்க்கு வழி தேடப் போய் வீட்டையே கையைவிட்டு விடக் கூடாது.

மகன் மேல் நம்பிக்கை இல்லாமல் இதைச் சொல்லவில்லை. தான செட்டில்மென்ட் எழுதிப் பதிவு செய்து, மகன் அதை ஏற்றுக்கொண்டுவிட்டால், நீங்களாக ஒருதலையாக ரத்து செய்ய முடியாது. அதுவே உயிலாக இருந்தால் உங்கள் காலத்துக்குப் பிறகுதான் நடைமுறைக்கு வரும். உயிருள்ளவரை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். ஆகவே என் யோசனை: இருவர் காலம் முடியும்வரை வீடு உங்கள் பேரில் இருக்கட்டும், உயில் எழுதிப் பதிவு செய்து வையுங்கள். உங்களுக்குப் பின் மனைவி அந்த வீட்டில் குடியிருக்கும் உரிமையையும் அதில் தெளிவாக எழுதுங்கள்.

செட்டில்மென்ட்தான் என்று முடிவெடுத்தால், பத்திரத்தில் இரண்டு வாசகங்கள் கட்டாயம் வேண்டும். ஒன்று, எழுதிக்கொடுப்பவருக்கும் மனைவிக்கும் வாழ்நாள் அனுபவ உரிமை உண்டு என்பது. இன்னொன்று, அடிப்படைத் தேவைகளையும் வசதிகளையும் மகன் செய்து தர வேண்டும் என்ற நிபந்தனை. 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தின் 23ஆவது பிரிவு இந்த நிபந்தனையின் மேல்தான் நிற்கிறது. நிபந்தனையோடு வாங்கியவர் பராமரிக்கத் தவறினால் அந்தப் பத்திரம் செல்லாது என்று தீர்ப்பாயம் அறிவிக்கலாம். நிபந்தனை எழுதப்படாத பத்திரத்தில் இந்தப் பிரிவின் பலன் கிடைக்காது என்று 2022இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் சொன்னது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம், இது முதியோர் நலனுக்கான சட்டம், தாராளமாகவே பொருள் கொள்ள வேண்டும் என்றது. எழுதாத நிபந்தனைக்காக நீதிமன்றத்தில் வாதாடுவதைவிட, பத்திரத்தில் ஒரு வரி கூட எழுதிக்கொள்வது மேல்.

அந்தச் சட்டத்தின் தீர்ப்பாயம் வருவாய்க் கோட்டாட்சியர் அலுவலகத்தில் இருக்கிறது. நம் மாவட்டத்தில் தருமபுரி, அரூர் என இரண்டு கோட்டங்கள். பாலக்கோடும் பென்னாகரமும் தருமபுரிக் கோட்டத்தில் வரும். பிள்ளைகள் கவனிக்கவில்லை என்றால் வெள்ளைத் தாளில் மனு கொடுத்தால் போதும். மாதம் 10,000 ரூபாய் வரை ஜீவனாம்சம் உத்தரவிட முடியும். எதிர்தரப்புக்கு நோட்டீஸ் கிடைத்த 90 நாளுக்குள் முடிக்க வேண்டும், மேற்கொண்டு 30 நாள் நீட்டிக்கலாம் என்பது சட்டம். உத்தரவில் குறை இருந்தால் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

மூன்றாவது, உங்கள் அக்கா. அவர் பெயரில் முதியோர் ஓய்வூதியமோ விதவை ஓய்வூதியமோ வருகிறதா என்று முதலில் கேளுங்கள். தமிழ்நாட்டில் முதியோர் ஓய்வூதியம் 1962இல் மாதம் 20 ரூபாயில் தொடங்கியது. 2023 ஆகஸ்டில் 1,200 ரூபாய் ஆக்கப்பட்டது. இது எல்லா முதியவர்களுக்கும் அல்ல; ஆதரவும் போதிய வருமானமும் சொத்தும் இல்லாதவர்களுக்கு மட்டும். ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம், புகைப்படம், கணவரின் இறப்புச் சான்று இவற்றோடு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் விசாரித்த பிறகு, வட்டாட்சியர் அலுவலகத்தில் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் முடிவெடுப்பார். விண்ணப்ப எண் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கி, திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுங்கள். கலைஞர் மகளிர் உரிமைத் தொகையை 2023இல் கொண்டுவந்தபோது வகுத்த விதிகளின்படி, முதியோர் ஓய்வூதியம் வாங்குபவருக்கு அந்த 1,000 ரூபாய் கிடையாது. அக்கா இப்போது அதை வாங்கிக்கொண்டிருந்தால், இதைச் சொல்லிவிட்டே விண்ணப்பியுங்கள்.

அடுத்து ரேஷன். களை பறித்து, புளி தட்டிப் பழகிய கைகளில் வயதானபின் ரேகை விழாது. இயந்திரத்தில் ஒவ்வொரு விரலாக மாற்றி மாற்றி வைத்தும் பலனில்லாமல் பாட்டிமார்கள் வெறும் பையோடு திரும்புவதைக் கடை வாசலில் பார்க்கலாம். அதற்கு மாற்று உண்டு. கடைக்கு வர முடியாதவர் வேறொருவரைப் பெயர் குறித்து, படிவம் கொடுத்து அனுப்பலாம். 70 வயது கடந்தவர்கள் மட்டுமே உள்ள அட்டைகளுக்கு வீட்டுக்கே பொருள் கொண்டுபோய்க் கொடுக்கும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் தொடங்கியது. அக்கா தனி அட்டைதாரர், 73 வயது. அவர் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று கடை விற்பனையாளரிடம் கேளுங்கள்.

மருந்துக்கு, மக்களைத் தேடி மருத்துவம். 2021 ஆகஸ்ட் 5 அன்று பக்கத்து மாவட்டமான கிருஷ்ணகிரியின் சாமனப்பள்ளியில்தான் இது தொடங்கப்பட்டது. ரத்த அழுத்தம், சர்க்கரை நோய்க்கான மாத்திரைகளைத் தன்னார்வலர் வீட்டுக்குக் கொண்டுவந்து தருவார்; படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வலி நிவாரணச் சேவையும் இயன்முறைச் சிகிச்சையும் உண்டு. பெயரைச் சேர்க்க ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொன்னால் போதும். அக்காவும் உங்கள் மனைவியும் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் காசில்லாமல் போகலாம். உங்களுக்கு அது கிடையாது. மூத்த குடிமக்களுக்கான இலவச டோக்கன் சென்னை மாநகரப் பேருந்துக்கு மட்டும். ரயிலில் இருந்த முதியோர் கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நின்றது, இன்னும் திரும்பவில்லை.

ஒரு வார்த்தை அரசுக்கும் சொல்ல வேண்டும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் 55 வயது கடந்தவர்கள் வீட்டு வரியைத் தள்ளிவைத்து, வீடு விற்கும்போது வட்டியோடு கட்டலாம். அமெரிக்காவின் டெக்சஸில் 65 வயது ஆனவர் குடியிருக்கும் வீட்டுக்குப் பள்ளி வரி அதே அளவில் நிறுத்திவைக்கப்படுகிறது. டெல்லி வழியோ இந்த வழிகளோ, தாமே குடியிருக்கும் ஒரே வீட்டுக்காவது தமிழ்நாடும் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். பிள்ளைகள் பெங்களூருக்கும் ஓசூருக்கும் பிழைக்கப் போய்விட்ட தருமபுரி மாதிரியான மாவட்டத்தில், வருமானம் நின்ற பிறகும் வரி ரசீது மட்டும் வீட்டுக்கு வந்துகொண்டேயிருக்கிறது.

நீங்கள் இந்த வாரமே செய்ய வேண்டியவை இரண்டு: மூடிய கடைக்கான மனு, அக்காவின் ஓய்வூதிய விண்ணப்பம். வீட்டுப் பத்திர விஷயத்துக்கு அவசரம் வேண்டாம். சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போகும் முன் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஆலோசனை கேளுங்கள். இலவச சட்ட உதவிக்குப் பெண்களுக்கு வருமான வரம்பு இல்லை என்பதால் உங்கள் மனைவி பேரிலேயே கேட்கலாம். எங்கே போவது என்று தெரியாதபோது, முதியோர் உதவி எண் 14567. காலை 8 முதல் இரவு 8 வரை, கட்டணம் இல்லை.