வேலை போனால் நேரம் கிடைக்குமா?

வேலை இல்லாதவருக்கு நேரம் நிறைய இருக்கும், நிறையப் படிக்கலாம்னு நான் நினைச்சிருந்தேன். நீங்களும் அப்படித்தானே? ஆஸ்திரியா நாட்டின் ஓர் ஊர் வேறு பதில் சொல்கிறது.

வியன்னா நகருக்குப் பக்கத்தில் மரியன்தால். ஊருக்கே சோறு போட்டது ஒரு நெசவாலை. 1930-க்குள் அதை மூடிட்டாங்க. மரீ யஹோடா முதலிய ஆய்வாளர்கள் அங்கே போய் ஆராய்ந்து, 1933-ல் நூல் வெளியிட்டார்கள். அவர்கள் கண்டவை:

1. நூலகக் கட்டணத்தை எடுத்த பிறகும், புத்தகம் வாங்கிப் படிப்பது ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது.
2. ஆண்கள் தெருவில் மெதுவாக நடந்தார்கள், அடிக்கடி நின்றார்கள்.
3. பொழுது இருந்தது, செய்ய மனம் இல்லை.

அதே ஊரில் 2020 அக்டோபரில் அரசு வேலைவாய்ப்புத் துறை ஒரு திட்டம் தொடங்கியது. ஓராண்டுக்கு மேல் வேலை இல்லாத எல்லோருக்கும் முதலில் பயிற்சி, பிறகு சம்பளத்தோடு வேலை. தச்சு, தோட்டம் போன்றவை. கட்டாயம் கிடையாது.

2024 வரை நடந்த இத்திட்டத்தை ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆராய்ந்தார்கள். கூடியது வருமானம் மட்டுமல்ல. மன நலம், அன்றாட ஒழுங்கு, நாலு பேரோடு பழகுவது எல்லாமே கூடியது.

இதிலிருந்து நான் புரிந்துகொண்டது: வேலை என்பது கூலி மட்டுமல்ல. ஆகவே ஒருவரைப் பார்த்து "சும்மாதானே இருக்காரு" என்று சொல்லுமுன் கொஞ்சம் யோசிப்போம்!