கோடையும் இரத்த அழுத்த மருந்தும்

சித்திரை பிறந்தவுடன் புறநோயாளர் பிரிவில் ஒரு மாற்றத்தைக் காண்கிறோம். மார்கழியில் இரத்த அழுத்தம் கட்டுக்குள் வரவில்லை என்று வந்தவர்களில் சிலர், இப்போது எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது, தலை சுற்றுகிறது என்கின்றனர். நோய் குணமாகிவிட்டது என்று இதற்குப் பொருளன்று.

குளிர்காலத்தில் தோலின் அடியிலுள்ள இரத்தக் குழாய்கள் சுருங்குவதால் அழுத்தம் சற்றே உயரும். வெயில் காலத்தில், உடல் தன் வெப்பத்தை வெளியேற்றுவதற்காக அக்குழாய்கள் விரிகின்றன. வியர்வையோடு நீரும் உப்பும் வெளியேறுகின்றன. இவ்விரண்டாலும் அழுத்தம் தாழ்கிறது. ஆகவே குளிர்ந்த மாதத்தில் முடிவு செய்த மருந்தளவு, அக்கினி நட்சத்திர நாள்களில் சிலருக்கு மிகையாகிவிடக்கூடும்.

இதில் முதலாவதாகக் கவனிக்க வேண்டியது, சிறுநீரை அதிகமாகப் பிரியச் செய்யும் மாத்திரை. ஃபுரோசமைடு, ஹைட்ரோகுளோரோதயசைடு ஆகியன இவ்வகையைச் சேர்ந்தவை. இவற்றோடு எனலாபிரில், டெல்மிசார்டன் போன்ற மருந்துகளையும் உட்கொள்ளும் ஒருவருக்கு வாந்தியோ வயிற்றுப்போக்கோ ஏற்பட்டால், சிறுநீரகத்திற்குச் செல்லும் இரத்தம் குறைந்து, ஓரிரு நாளிலேயே அதன் செயல்பாடு பாதிக்கப்படலாம். அத்தகைய நாளில் காத்திராமல் மருத்துவரைத் தொடர்புகொண்டு, எந்த மாத்திரையை நிறுத்தி வைப்பது என்று கேட்டறிய வேண்டும். மூட்டு வலிக்கென்று கடையில் தாமாக வாங்கும் டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் ஆகியவை இந்நிலையில் மிகுந்த தீங்கு செய்யும். 'ஒரே ஒரு மாத்திரைதானே' என்பது நாங்கள் அடிக்கடி கேட்கும் சமாதானம்.

'நிறையத் தண்ணீர் குடியுங்கள்' என்ற பொது அறிவுரை எல்லோருக்கும் பொருந்தாது. இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கும் டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கும் நாள் ஒன்றுக்கான நீரின் அளவை மருத்துவரே வரையறுக்கிறார். சிறுநீரக நோயாளிகளுக்கு இளநீரும் ஆபத்தாகலாம். அதிலுள்ள பொட்டாசியம் இரத்தத்தில் மிகுந்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகும். அன்போடு வாங்கி வரும் உறவினர்கள் இதை அறிந்திருப்பது நல்லது.

வெயில் தணியட்டும் என்று பரிசோதனையை ஆடி வரை தள்ளிப்போடும் முதியோர் பலர். பங்குனியிலேயே ஒருமுறை வந்து செல்வதே பயனுள்ளது. வருவதற்கு முந்தைய ஒரு வாரம், காலையில் உணவுக்கு முன் எடை பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். இரத்த அழுத்தத்தை அமர்ந்த நிலையில் ஒருமுறையும், எழுந்து நின்று மூன்று நிமிடங்களுக்குள் மற்றொரு முறையும் அளவிடுங்கள். நிற்கும்போது மேல் அளவு 20 புள்ளிகளோ அதற்கு மேலோ குறைந்தால் எங்களிடம் தெரிவியுங்கள். தலைச்சுற்றலுக்கு அஞ்சி மாத்திரைகளைத் தாமாகவே நிறுத்திவிட வேண்டாம். மூச்சுத்திணறலும் கால் வீக்கமும் திரும்பக்கூடும்.

வெயிலில் இருந்தவர் உடல் கொதித்து, பேச்சு குழறி, நினைவு தடுமாறினால் அது வெப்ப மயக்க நோய். உடனே 108-ஐ அழையுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை நிழலில் கிடத்தி, உடலெங்கும் நீரால் நனைத்து விசிறுங்கள். நினைவு தெளியாதவரின் வாயில் நீர் புகட்டக் கூடாது.