டென்மார்க் சமவெளியில் ஓடிய சைக்கிளோடு நீலகிரி ஏறலாமா?

கேள்வி: நான் கோயம்புத்தூர்க்காரன். ஆறு வருடமாக டென்மார்க்கில், கோபன்ஹேகனுக்கு மேற்கே அல்பர்ட்ஸ்லுண்டில் குடியிருக்கிறேன். வேலைக்குப் போக வர சைக்கிள்தான். என்னிடம் இருப்பது பழைய ரோடு பைக்: ஷிமானோ 105, பின்னால் 10 கியர். முன்னால் 53/39, பின்னால் 12-25. போன டிசம்பரில் இதையே ஊருக்குக் கொண்டுவந்து கோத்தகிரி ஏறினேன். பாதி வழியில் பெடல் சுற்றவே மறுத்தது, இறங்கித் தள்ளினேன். முழங்கால் வலி போக ஒரு வாரம் ஆயிற்று. இந்த டிசம்பரில் கோத்தகிரியோடு கல்லட்டியும் ஏற ஆசை. பின்னால் பெரிய கேசட் மாட்டினால் மட்டும் போதுமா? ‘அதெல்லாம் வயசானவங்க கியர், முதல்ல உடம்பைத் தேத்து’ என்கிறான் கூட ஓட்டும் நண்பன். எனக்கு வயது 44, எடை 74 கிலோ.

- ஒரு வாசகர், அல்பர்ட்ஸ்லுண்ட்

பதில்: கேசட் மட்டும் போதாது. உடம்பைத் தேற்றுவது நல்லதுதான், ஆனால் உங்கள் முழங்கால் வலிக்குக் காரணம் உடம்பு இல்லை. சமவெளிக்காகச் செய்த கியரை மலையில் மிதித்தீர்கள், அவ்வளவுதான்.

நீங்கள் வாழும் நாட்டின் மிக உயரமான இயற்கை மேடு மோலஹோய், 170.86 மீட்டர். மேட்டுப்பாளையம் ரயில் நிலையமே கடல்மட்டத்திலிருந்து சுமார் 326 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மலை தொடங்கும் முன்பே டென்மார்க் முழுவதையும் தாண்டிவிடுகிறீர்கள். அங்கிருந்து சுமார் 33 கிலோமீட்டரில் கோத்தகிரி, ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரம். சராசரி ஏற்றம் நான்கரை விழுக்காடு. கல்லட்டிப் பாதை அதைவிடக் கடுமை: 36 கொண்டையூசி வளைவுகள், 10 விழுக்காட்டைத் தாண்டும் இடங்களும் உண்டு. 2008 முதல் நடந்துவரும் டூர் ஆஃப் நீல்கிரிஸ் பயணத்தில் ஓட்டியவர்களிடம் கேளுங்கள், முதலில் அவர்கள் நினைவுக்கு வருவது கல்லட்டிதான்.

இனி கணக்கு. நீலகிரி மலை ரயில் கல்லாறு முதல் குன்னூர் வரை ஏறும் சரிவு, ஏறக்குறைய 12 மீட்டருக்கு ஒரு மீட்டர், அதாவது 8 விழுக்காடு. அந்தச் சரிவு உள்ள சாலையில் நீங்கள் ஏறுவதாக வைத்துக்கொள்வோம். நீங்கள், சைக்கிள், தண்ணீர் எல்லாம் சேர்த்து 85 கிலோ. ஒரு மணி நேரத்துக்கு மேல் விடாமல் 180 வாட் தருவது, தினமும் ஓட்டும் 44 வயதுக்காரருக்குக் கௌரவமான உழைப்பு. அந்த உழைப்புக்குக் கிடைக்கும் வேகம் மணிக்கு சுமார் 8.7 கிலோமீட்டர். எந்தக் கியர் போட்டாலும் இது மாறாது. மாறுவது, அந்த வேகத்தில் உங்கள் கால் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்பதுதான்.

உங்கள் இப்போதைய கடைசிக் கியர் 39/25-இல் 44 சுற்று. 12-28 கேசட் மாட்டினால் 49. முன்னால் 34, பின்னால் 28 என்றால் 57. இரண்டும் 34 என்றால் 69. உழைப்பு ஒன்றே என்பதால், 69 சுற்றில் பிரித்துக் கொடுக்க வேண்டிய பாரத்தை நீங்கள் 44 சுற்றில் கொடுத்திருக்கிறீர்கள். ஒவ்வொரு மிதிக்கும் முழங்கால் ஒன்றரை மடங்குக்கு மேல் பாரம் தாங்கியது. அதுவும் மணிக்கணக்கில். வலிக்காமல் என்ன செய்யும்?

ஆகவே என் யோசனை 34/34. முதலில் முன்பக்கம். உங்கள் கிராங்கில் பல்சக்கரம் பூட்டும் திருகுகள் 130 மில்லிமீட்டர் வட்டத்தில் இருக்கின்றன. அதில் 38 பல்லுக்குக் கீழே எதுவும் பொருந்தாது. எனவே பல்சக்கரத்தை மட்டும் மாற்ற வழியில்லை. 110 மில்லிமீட்டர் வட்டமுள்ள 50/34 காம்பாக்ட் கிராங்க் வேண்டும். அதே தலைமுறை 105 கிராங்க் பழைய சாமானாகவே எளிதில் கிடைக்கும், உங்கள் பாட்டம் பிராக்கெட்டிலேயே உட்காரும். பெரிய பல்சக்கரத்தில் மூன்று பல் குறைவதால் அதன் விளிம்பு 6 மில்லிமீட்டர் இறங்கும். முன் டீரெய்லரையும் அதே அளவு இறக்கிக் கட்ட வேண்டும். இதை மறந்தால் செயின் அடிக்கடி கழன்று விழும்.

பின்பக்கம்தான் பலர் தடுக்கி விழும் இடம். உங்கள் பின் டீரெய்லரின் கூண்டு குட்டை. அது 34 பல்லின் கீழே போக இடம் போதாது; 50/34 கிராங்கும் 11-34 கேசட்டும் சேர்ந்து விடும் செயின் தொய்வை இழுத்துக்கொள்ளவும் அதற்கு நீளம் இல்லை. இந்தத் தொய்வுக் கணக்கு எளிது: முன்னால் 50-34 வித்தியாசம் 16, பின்னால் 34-11 வித்தியாசம் 23, மொத்தம் 39. வாங்கும் டீரெய்லரின் கொள்ளளவு 39-க்குக் குறையாமல் இருக்கட்டும். ஹேங்கரை நீட்டும் சிறு இணைப்புத் துண்டு விற்கிறார்கள். அது டீரெய்லரைக் கீழே இறக்குமே ஒழிய, கூண்டை நீட்டாது. உங்கள் காலத்து 10 கியர் ரோடு ஷிஃப்டர் இழுக்கும் கேபிள் அளவும், 9 கியர் காலத்து மலை சைக்கிள் டீரெய்லர் எதிர்பார்க்கும் அளவும் ஒன்றே. எனவே 9 கியர் டியோர், நீளக் கூண்டு, வாங்குங்கள். 10 கியர் மலை சைக்கிள் டீரெய்லரை வாங்கிவிடாதீர்கள். எண் பொருந்துவதுபோலத் தெரியும், கியர் பொருந்தாது.

செயினும் புதிதுதான். 50-34 ஜோடியைச் சுற்ற, 53-25-ஐ விட ஏறக்குறைய 4 சென்டிமீட்டர் கூடுதல் நீளம் வேண்டும். பழைய செயினோடு களைப்பில், தெரியாமல் பெரியதுக்குப் பெரியது போட்டுவிட்டால் டீரெய்லர் பிய்ந்து சக்கரத்துக்குள் போகும். மலைச்சாலையில் அது நடக்கக் கூடாது. முதலில் வீட்டில், சைக்கிளை ஸ்டாண்டில் தூக்கி, கையால் மெல்லச் சுற்றி அந்த ஜோடியைப் போட்டுப் பாருங்கள். பிறகு வெஸ்ட்ஸ்கோவன் காட்டில் இருக்கும் ஹெர்ஸ்டெட்ஹோய் மேட்டுக்குப் போய், மிதி அழுத்தத்தில் கியர் மாறுகிறதா என்று பாருங்கள். 67 மீட்டர்தான், அதுவும் மனிதர் கொட்டிய மண்ணாலான மேடு, ஆனால் சோதனைக்கு அது போதும்.

சமவெளி வேகம் போய்விடுமோ என்ற கவலை வேண்டாம். 50/11 என்பது உங்கள் 53/12-ஐ விடப் பெரிய கியர். நிமிடத்துக்கு 90 சுற்றில் 53/12 மணிக்கு 50 கிலோமீட்டர் தரும், 50/11 கிட்டத்தட்ட 52. உண்மையில் இழப்பது வேறு: 11-34-இல் கியருக்குக் கியர் இடைவெளி அகலம். அல்பர்ட்ஸ்லுண்டிலிருந்து கோபன்ஹேகனுக்கு 2012-இல் திறந்த அந்த சைக்கிள் நெடுஞ்சாலையில் எதிர்காற்று அடிக்கும்போது, ஒரு கியர் கனமாகவும் அடுத்தது காலியாகவும் தோன்றும். அதனால் 12-25 கேசட்டைத் தூக்கி எறியாதீர்கள். நீளக் கூண்டு இரண்டையும் தாங்கும். ஊர்ப் பயணம் முடிந்ததும் பத்து நிமிடத்தில் மாற்றிக்கொள்ளலாம். லாக்ரிங்கை 40 நியூட்டன் மீட்டருக்கு முறுக்குங்கள்.

உங்கள் நண்பர் சொன்னது இன்று நேற்றைய பேச்சு இல்லை. டூர் தெ பிரான்ஸ் போட்டியைத் தொடங்கிய ஆன்றி தெக்ராஞ்சும் அப்படித்தான் நினைத்தார். கியர் மாற்றும் டீரெய்லரை அந்தப் போட்டியில் 1937 வரை அனுமதிக்கவில்லை. அதுவரை ஓட்டிகள் மலையடிவாரத்தில் இறங்கி, சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் போட்டுக்கொண்டு ஏறினார்கள். அந்தக் காலத்துக்கு நாம் திரும்ப வேண்டியதில்லை. மலை ரயிலும் கல்லாறுக்கு மேலே பல்தண்டவாளத்தைப் பற்றிக்கொண்டு மணிக்கு 13 கிலோமீட்டருக்கு மிகாமல்தான் ஏறுகிறது. நீங்கள் 9-இல் ஏறுங்கள். கல்லட்டியின் 10 விழுக்காட்டு இடங்களில் வேகம் 7-க்கு இறங்கும், 34/34-இலும் 56 சுற்றுதான் வரும். அங்கே எழுந்து நின்று மிதியுங்கள், வளைவுகளில் வெளிவட்டத்தைப் பிடியுங்கள், உள்வட்டம்தான் செங்குத்து. மேலிருந்து வரும் வண்டியைப் பார்த்துக்கொண்டு.

கடைசியாக ஒன்று. விமானத்துக்குக் கட்டும்போது பின் டீரெய்லரைக் கழற்றித் துணியில் சுற்றி, சட்டத்தின் உள்பக்கம் கட்டிவிடுங்கள். அதைத் தாங்கும் ஹேங்கர் மெல்லிய அலுமினியம், பெட்டி ஒருமுறை சாய்ந்தாலே வளையும். அது உங்கள் சட்டத்துக்கு மட்டுமே பொருந்தும் துண்டு. அங்கேயே ஒன்று கூடுதலாக வாங்கிக் கொண்டுவாருங்கள்.