பழைய பெட்ரோல் காருக்கு மின்விசை

நம் கிராமங்களில் சில வீடுகளின் மாட்டுக்கொட்டகை ஓரத்தில் பழைய பெட்ரோல் கார் ஓடாமல் நிற்பதைக் காண்கிறோம். உடற்பகுதி உறுதியாக இருந்தும் எஞ்சின் தேய்ந்துவிட்டபடியால், விற்றால் இரும்பு விலைதான் கிடைக்கும். இத்தகைய வண்டியில் எஞ்சினை நீக்கி, மோட்டாரும் பாட்டரியும் அமைத்து மின்சாரத்தால் ஓட்ட இயலும். 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் அமெரிக்காவில் பலர் தம் வீட்டிலேயே இதனைச் செய்து பார்த்தனர். ஆனால் கைப்பொருளைச் செலவிடுமுன் அறியவேண்டியவை சில உள. அவற்றை இங்கு ஆராய்வோம்.

மாற்றும் முறை

எஞ்சின், ரேடியேட்டர், புகைக்குழாய், பெட்ரோல் தொட்டி ஆகியவை கழற்றப்படும். கியர்பெட்டி அப்படியே இருக்கும். லேத் பட்டறையில் செய்த கனத்த தகட்டின் உதவியால் மோட்டார் அதனுடன் இணைக்கப்படும். இரண்டின் அச்சுகளும் ஒரே நேர்கோட்டில் அமையவேண்டும். சிறிது விலகினாலும் பேரிங்குகள் விரைவில் தேயும். மிதியை அழுத்தும் அளவுக்கேற்ப மின்சாரத்தைக் கூட்டவும் குறைக்கவும் ‘கண்ட்ரோலர்’ என்னும் கருவி வேண்டும். விளக்குக்கும் ஹாரனுக்கும் 12 வோல்ட் மின்சாரம் தர மற்றொரு கருவி வேண்டும்.

பல கார்களில் பிரேக்கை அழுத்துவதற்கு உதவுவது, எஞ்சின் உண்டாக்கும் வெற்றிடமே. எஞ்சின் நீங்கினால் அவ்வுதவியும் நீங்கும். ஆதலால் அவ்வகைக் கார்களில் மின்சார வெற்றிடப் பம்பு அமைப்பது இன்றியமையாதது.

பாட்டரிக் கணக்கு

இம்முயற்சியின் வெற்றியும் தோல்வியும் பாட்டரியைப் பொறுத்தவை. சுமார் 650 கிலோ எடையுள்ள மாருதி 800 காரை எடுத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 50 கிலோமீட்டர் ஓட்டுவதாகவும், கிலோமீட்டருக்கு 120 வாட்மணி செலவாவதாகவும் கொண்டால், 6 யூனிட் மின்சாரம் தேவை.

12 வோல்ட், 100 ஆம்பியர்மணி ஈய அமில பாட்டரியில் 1.2 யூனிட் அடங்கும். அது நீடித்து உழைக்க வேண்டுமாயின் அதில் பாதியையே செலவிடலாம். எனவே 10 பாட்டரிகள் தேவை. ஒன்று 30 கிலோ வீதம் மொத்தம் 300 கிலோ! நால்வர் அமரும் காரில் ஐந்து ஆட்களின் எடையைப் பாட்டரியே பிடித்துக்கொள்ளும். கழற்றிய எஞ்சினின் எடை இதற்கு ஈடாகாது. ஸ்பிரிங்கும் பிரேக்கும் இச்சுமைக்கென அமைந்தவை அல்ல. தவிர, சில நூறு முறை சார்ஜ் செய்ததும் இவ்வகை பாட்டரியை மாற்றவேண்டி வரும்.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் பாட்டரியாயின் ஏறத்தாழ 75 கிலோ போதும். முறையாகப் பயன்படுத்தினால் ஆயிரக்கணக்கான முறை சார்ஜ் ஏற்கும். விலை அதிகம், எனினும் ஆயுளைச் சேர்த்துக் கணக்கிட்டே தீர்மானிக்க வேண்டும்.

இதே 50 கிலோமீட்டருக்கு, லிட்டருக்கு 18 கிலோமீட்டர் ஓடும் காருக்குச் சுமார் 2.8 லிட்டர் பெட்ரோல் வேண்டும். சார்ஜ் செய்வதில் ஏற்படும் இழப்பையும் சேர்த்து மின்சாரம் 7 யூனிட் ஆகலாம். இரண்டின் இன்றைய விலையையும் பெருக்கிப் பார்த்தால் ஒரு நாளைய மிச்சம் தெரியும். மாற்றும் செலவு முழுவதையும் அம்மிச்சத்தால் வகுத்தால், எத்தனை நாளில் முதல் திரும்பும் என்பது விளங்கும். வாரம் ஒருமுறை சந்தைக்கு மட்டும் செல்வோருக்கு இது கட்டுப்படியாகாது. நாள்தோறும் ஒரே தொலைவு சென்று வருவோருக்கே பயன்படும்.

மின்சாரமும் பாதுகாப்பும்

பத்து பாட்டரிகளைத் தொடராக இணைத்தால் 120 வோல்ட் ஆகும். இது உயிரைப் பறிக்கக்கூடியது. ஃபியூசும், அவசரத்தில் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்சும் கட்டாயம் வேண்டும். ஈய அமில பாட்டரி சார்ஜ் ஆகும்போது தீப்பற்றக்கூடிய ஹைட்ரஜன் வாயு வெளிப்படும். ஆகையால் காற்றோட்டமுள்ள இடம் அவசியம். லித்தியம் பாட்டரிக்கு அதன் கண்காணிப்புக் கருவி இல்லாமல் சார்ஜ் ஏற்றலாகாது. வீட்டு இணைப்பில் எர்த் சரியாக உள்ளதா என்பதை எலக்ட்ரீஷியனைக் கொண்டு பார்த்துக்கொள்ள வேண்டும்.

பம்புசெட்டுக்கென வழங்கப்படும் இலவச மின்சாரத்தில் காரைச் சார்ஜ் செய்தல் கூடாது. அனுமதித்த காரியத்துக்கன்றி வேறொன்றுக்கு மின்சாரம் எடுப்பது 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டப்படி குற்றமாகும்.

சட்டம் கூறுவது

பதிவுச் சான்றில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதை 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52ஆம் பிரிவில் தடுக்கிறது. எனினும், மின்சாரத்துக்கு மாற்ற விதிகளில் வழி உண்டு. புனேயிலுள்ள இந்திய மோட்டார் வாகன ஆராய்ச்சிச் சங்கம் போன்ற சோதனை நிலையத்தின் ஒப்புதல் பெற்ற உறுப்புத் தொகுதியை, அங்கீகாரம் பெற்ற பட்டறையில் பொருத்தி, பதிவுச் சான்றிலும் மாற்றத்தைக் குறிக்கச் செய்ய வேண்டும். இன்றேல், விபத்து நேரும்போது காப்பீட்டுத் தொகை மறுக்கப்படலாம். குடும்பமே கடனில் ஆழ நேரும்.

ஆகவே வீட்டில் செய்யத்தக்க வேலை மூன்று: நாள்தோறும் செல்லும் தொலைவைக் குறித்தல், வண்டியின் அடித்தளத்தில் துரு உள்ளதா என ஆராய்தல், மேற்கூறிய கணக்கைப் போடுதல். இவற்றின் பின்னரும் பயன் உண்டெனத் தோன்றினால், முதலில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தை அணுகுக. பட்டறைக்குச் செல்வது அதன் பிறகே. பஞ்சாயத்து உறுப்பினர்கள் இச்செய்தியைத் தம் ஊர் இளைஞர்களுக்கும் எடுத்துரைப்பார்களாக.