அளவுக்குள் அமையும் இசை

நுழையும்முன்

ஏழு சீர்களில் ஒரு குறள் வெண்பா நிறைவு பெறுகிறது. எட்டாவது சீர் இல்லையே என்று எவரும் குறைபட்டுக்கொள்வதில்லை. கணினி விளையாட்டுகளின் தொடக்கக் காலத்தில் ஐந்தே குரல்களைக்கொண்டு அமைக்கப்பட்ட இசைக்கும் இது பொருந்தும். அவ்விசையின் இயல்பையும், குறுகிய காலத்தில் விளையாட்டை உருவாக்கும் போட்டிகளில் அதற்குரிய இடத்தையும், கருவிகளைத் தேர்ந்தெடுக்கும் முறையையும் இப்பாடம் விளக்குகிறது.

சில்லில் பிறந்த இசை

1980களில் விற்பனைக்கு வந்த வீட்டுக் கணினிகளிலும் விளையாட்டுப் பொறிகளிலும் பாடல்களைப் பதிந்துவைக்கும் அளவுக்கு நினைவகம் இல்லை. எனவே, ஒலியை அவ்வப்போது உண்டாக்கும் சில்லு ஒன்று அவற்றில் பொருத்தப்பட்டது. எந்தச் சுரம் ஒலிக்க வேண்டும், எவ்வளவு நேரம் ஒலிக்க வேண்டும் என்னும் கட்டளைகள் மட்டுமே நினைவகத்தில் இருந்தன. இவ்வாறு பிறந்த இசையே 'சிப்டியூன்' எனப்படும் சில்லிசை.

1982இல் வெளிவந்த கொமடோர் 64 கணினியில் ராபர்ட் யான்னஸ் வடிவமைத்த 'சிட்' என்னும் சில்லு இருந்தது. அது மூன்று குரல்களைக் கொண்டது. 1983இல் ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட ஃபேமிகாம் ஐந்து குரல்களைக் கொண்டது. 1985இல் கோஜி கோண்டோவின் இசையுடன் வெளிவந்த 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' விளையாட்டின் படங்கள், விதிகள், இசை அனைத்தும் 40 கிலோபைட்டுக்குள் அடங்கின. இன்று கைப்பேசியில் எடுக்கப்படும் ஒரு நிழற்படம் அதைவிடப் பலமடங்கு இடம் கொள்ளும்.

ஐந்து குரல்கள்

ஃபேமிகாமின் ஐந்து குரல்களில் இரண்டு துடிப்பலைகள், ஒன்று முக்கோண அலை, ஒன்று இரைச்சல், ஒன்று பதிவுசெய்த சிறு ஒலித்துணுக்கை ஒலிப்பது. துடிப்பலை மேலெழுந்து நிற்கும் நேரத்தின் அளவை மாற்றினால் குரலின் தன்மை மாறும். ஒரு சுற்றில் பாதி நேரம் மேலெழுந்து நின்றால் அக்குரல் திரண்டு ஒலிக்கும். எட்டில் ஒரு பங்கு மட்டும் நின்றால் மெலிந்து கூர்மையாக ஒலிக்கும். முக்கோண அலையின் ஒலியளவைக் கூட்டவோ குறைக்கவோ இயலாது. ஆதலால், அது பெரும்பாலும் கீழ்ச்சுரங்களுக்குப் பயன்பட்டது. இரைச்சல், தாளக் கருவிகளின் இடத்தை நிரப்பியது.

ஒரு குரலில் ஒரு நேரத்தில் ஒரு சுரமே ஒலிக்கும். மூன்று சுரங்களை ஒரே குரலில் சேர்த்திசைக்க விரும்பியவர்கள், அவற்றை நொடிக்கு 60 முறை என்னும் விரைவில் மாற்றி மாற்றி ஒலிக்கச் செய்தனர். கேட்பவர் செவியில் அவை ஒன்றாக இணைந்தன. எதிரொலி வேண்டியபோது, முதற்குரலின் மெட்டையே இரண்டாம் குரலில் சற்றுத் தாமதமாகவும் மெலிதாகவும் ஒலிக்கச் செய்தனர். சில்லிசைக்கே உரிய அழகுகளாக இன்று போற்றப்படுபவை, போதாமையைக் கடக்கக் கண்ட வழிகளே ஆகும்.

தறியும் இசைக்கட்டமும்

1987இல் கார்ஸ்டன் ஒபார்ஸ்கி என்பவர் அமிகா கணினிக்காக 'அல்டிமேட் சவுண்ட்டிராக்கர்' என்னும் மென்பொருளை உருவாக்கினார். அதன் வழிவந்தவை 'டிராக்கர்' எனப்படுகின்றன. இதில் இசை, கட்டங்களில் எழுதப்படுகிறது. ஒவ்வொரு நெடும்பத்தியும் ஒரு குரல். ஒவ்வொரு வரியும் ஒரு காலத்துளி. கணினி மேலிருந்து கீழாக வரி வரியாகப் படித்து இசைக்கும்.

கொங்கு நாட்டு நெசவாளர்க்கு இம்முறை புதிதாகத் தோன்றாது. கோவை மாவட்டத்துச் சிறுமுகையில் பட்டுச்சேலை நெய்யப்படும் ஜக்கார்டு தறியில், துளையிட்ட அட்டைகள் கோவையாகத் தொங்குகின்றன. துளை உள்ள இடத்தில் பாவுநூல் உயரும். துளை இல்லாத இடத்தில் தாழ்ந்தே இருக்கும். ஓர் அட்டைக்கு ஓர் ஊடை எனச் சேலையின் பூவேலைப்பாடு வளர்கிறது. டிராக்கரின் பத்திகளைப் பாவாகவும் வரிகளை ஊடையாகவும் கொண்டால், இசையும் அவ்வாறே நெய்யப்படுவதைக் காணலாம். இவ்வொற்றுமைக்கு வரலாற்றுப் பின்புலமும் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சில் ஜக்கார்டு உருவாக்கிய தறியின் அட்டைமுறையைத்தான் சார்லஸ் பாபேஜ் தம் பகுப்பாய்வுப் பொறிக்கு எடுத்துக்கொண்டார்.

உடுக்கை காட்டும் வழி

கொங்கு நாட்டில் அண்ணன்மார் கதையை உடுக்கையடித்துப் பாடுவது நெடுநாள் மரபு. உடுக்கையின் இடைக்கயிற்றைக் கை அழுத்தும்போது தோல் இறுகி ஒலி உயர்கிறது, தளர்த்தும்போது தாழ்கிறது. ஒரு சிறு கருவியின் ஏற்ற இறக்கம், போரையும் அழுகையையும் கேட்போர்க்கு உணர்த்தப் போதுமானதாக இருக்கிறது. டிராக்கரில் ஒரு சுரத்திலிருந்து மற்றொரு சுரத்துக்கு வழுக்கிச் செல்லும் கட்டளை இதே பணியைச் செய்கிறது. ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கைக்கு, எண்ணிக்கை ஒன்றுக்கு நான்கு வரியாக 32 வரிகள் போதும். மிசிர சாப்புக்கு 28 வரிகள் போதும். மேலை நாட்டில் பிறந்த கருவி தமிழிசைக்குப் பொருந்தாது என்று ஒதுக்க வேண்டியதில்லை.

48 மணி நேரப் போட்டி

'கேம் ஜாம்' என்பது, கருப்பொருள் அறிவிக்கப்பட்ட பின் குறித்த காலத்துக்குள் விளையாட்டு ஒன்றை உருவாக்கும் நிகழ்வு. 2002இல் 'லூடம் டேர்' தொடங்கியது. 2009இல் பல நாடுகளில் ஒரே காலத்தில் நடைபெறும் 'குளோபல் கேம் ஜாம்' தொடங்கியது. இத்தகைய போட்டிகளில் 48 மணி நேரம் என்பது பரவலான கால அளவு. இசையமைப்பதற்குக் கிடைப்பதோ அதில் சில மணி நேரமே.

ஓர் எடுத்துக்காட்டைக் கருதலாம். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அச்சாலையில் பேருந்தை ஓட்டிச்செல்லும் விளையாட்டை ஒரு மாணவர் குழு உருவாக்குவதாகக் கொள்வோம். மோகனத்தின் ஐந்து சுரங்களில் 64 வரி கொண்ட ஒரு மெட்டை முதற்குரலில் எழுதலாம். முக்கோண அலையில் கீழ்ச்சுரமும் இரைச்சலில் தாளமும் அமையும். இரண்டாம் துடிப்பலையைப் பேருந்தின் ஒலிப்பான் முதலிய ஓசைகளுக்கென ஒதுக்கினால் மெட்டு தடைப்படாது.

நொடியின் 60இல் ஒரு பங்கு ஒரு துடிப்பு. வரிக்கு ஆறு துடிப்பு என்று வைத்தால் 64 வரிகள் 6.4 நொடியில் முடியும். நான்கு வரிக்கு ஒரு தட்டு எனக் கொண்டால், நிமிடத்துக்கு 150 தட்டுகள். வளைவுகள் கடினமாகும்போது ஆறு என்பதை ஐந்தாக மாற்றினால் வேகம் 180 தட்டுகளாக உயரும். புதிய மெட்டு எழுதாமலே, ஓர் எண்ணை மாற்றுவதால் பரபரப்பு பிறக்கிறது.

கருவித் தேர்வு

போட்டிக்குரிய கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது நான்கு வினாக்களை எழுப்ப வேண்டும்.

முதலாவது, கருவி முன்பே பழகியதா? போட்டி தொடங்கிய பின் புதிய மென்பொருளைக் கற்பது காலத்தை விழுங்கும். இரண்டாவது, கையில் இருக்கும் கணினியில் அது இயங்குமா? 'பீப்பாக்ஸ்' உலாவியிலேயே இயங்கும். 'ஃபேமிடிராக்கர்' பழைய கணினியிலும் இயங்கும். கட்டற்ற மென்பொருளான 'டிக்-80' படம், நிரல், இசை மூன்றையும் ஒரே இடத்தில் தரும். மூன்றாவது, அது தரும் கோப்பை விளையாட்டுப் பொறி ஏற்குமா? எம்பி3 கோப்பின் முனைகளில் சிறு மௌனம் சேர்வதுண்டு. திரும்பத் திரும்ப ஒலிக்கும் இசையில் அது இடறலாகக் கேட்கும். ஆகவே, வேவ் அல்லது ஆக் வடிவமே ஏற்றது. நான்காவது, பயன்பாட்டு உரிமை தெளிவாக உள்ளதா?

நான்காம் வினாவை எளிதாகக் கடந்துவிடலாகாது. விரும்பிய திரைப்பாடலை விளையாட்டில் சேர்ப்பது எளிது. ஆனால், 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் இசைப்படைப்பையும் ஒலிப்பதிவையும் தனித்தனியே காக்கிறது. இசைவின்றிச் சேர்த்த பாடலால் அவ்விளையாட்டை வெளியிட இயலாமற்போகலாம். சொந்தமாக எழுதிய 64 வரி எளிமையானதாக இருக்கலாம். எனினும், அது எழுதியவருக்கே உரியது. நான்கு பேர் கேட்டு 'இது யார் இசை?' என்று வினவும்போது, சொல்வதற்கு ஒரு பெயர் அதற்கு உண்டு.

விலையுயர்ந்த கருவி வாய்க்கும்வரை காத்திருப்பவர் தொடங்குவதே இல்லை. யாப்பைக் கற்றவர் அதன் அளவுக்குள் நின்று பாடுவதுபோல, கையிலுள்ள கருவியின் எல்லையை அறிந்தவர் அதற்குள் நின்று இசைக்கிறார். பள்ளிக் கணினி ஒன்றும், இரண்டு நாள் ஓய்வும், தாளம் அறிந்த செவியும் அதற்குப் போதுமானவை.

தெரியுமா?

• 2007இல் லூடம் டேர் போட்டியாளர்க்கு உதவுவதற்காகவே 'எஸ்எஃப்எக்ஸ்ஆர்' என்னும் மென்பொருள் உருவாக்கப்பட்டது. பொத்தானை அழுத்தினால் குதித்தல், வெடித்தல், நாணயம் பெறுதல் போன்ற ஓசைகளை அது உண்டாக்கித் தரும்.

• கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் கதையைச் சமையல்வழிச் சொல்லும் 'வெண்பா' என்னும் விளையாட்டு 2023இல் வெளிவந்தது.

கலைச்சொற்கள்

சில்லு – மின்சுற்றுகள் அடங்கிய சிறு தகடு
துடிப்பலை – மேல், கீழ் என இருநிலைகளில் மட்டும் மாறும் அலை
பாவு – தறியில் நெடுக்காக அமையும் நூல்
ஊடை – தறியில் குறுக்காக ஓடும் நூல்

கற்பவை கற்றபின்

உங்கள் ஊரில் வழங்கும் தாளக்கருவி ஒன்றின் தாளக்கட்டைக் கேட்டு, 32 கட்டங்களில் குறித்து வகுப்பறையில் காட்டுக.

குறுவினா

1. முக்கோண அலை கீழ்ச்சுரங்களுக்குப் பயன்பட்டது ஏன்?
2. கேம் ஜாம் என்பது யாது?

சிறுவினா

1. ஜக்கார்டு தறிக்கும் டிராக்கருக்கும் உள்ள ஒற்றுமையை விளக்குக.
2. ஒரே குரலில் மூன்று சுரங்களைச் சேர்த்திசைத்த முறையை எழுதுக.

நெடுவினா

'எல்லைகளே படைப்பின் வடிவத்தைத் தீர்மானிக்கின்றன' – யாப்பையும் சில்லிசையையும் ஒப்பிட்டுக் கட்டுரை வரைக.